மதியத் தூக்கமும் மூன்று வயது மூளையும்

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மகளுக்கு 3 வயது 4 மாதம். காலை ஏழரைக்கு எழுந்து ப்ளே ஸ்கூல் போகிறாள், பன்னிரண்டரைக்கு வீடு திரும்புகிறாள். சாப்பிட்ட பிறகு பாட்டி தூளியில் போட்டு ஆட்டினால் 2 மணிக்குத் தூங்கி நாலரைக்கு எழுகிறாள். அப்புறம் இரவு 11 வரை ஆட்டம். “மதியம் தூங்குவதால்தான் ராத்திரி படுத்துகிறாள், நிறுத்திவிடு” என்கிறார் கணவர். “பிள்ளை தூங்கினால்தான் மூளை வளரும், எழுப்பினால் பாவம்” என்கிறார் மாமியார். ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். மூன்றரை மணி வரை பள்ளி. யார் சொல்வது சரி, இந்த வயதிலும் தூளி தேவையா என்று கேட்டிருந்தார்.

உங்கள் மாமியார் சொல்வது சரி, ஆனால் ‘தூங்கினால் மூளை வளரும்’ என்ற காரணம் பாதிக்கதைதான். கணவர் போடும் கணக்கும் சரி, வைத்தியம் மட்டும் தப்பு. ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நான் பி.எச்டி. செய்வது இந்த விஷயத்தில்தான். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் தூங்கும்போது மூளையில் எழும் மின் அலைகளைப் பதிவு செய்து ஆராய்வது என் வேலை. இது நான்காம் வருடம். பட்டம் வந்தாலும் நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மதியம் எப்படிப் போகும் என்று சொன்னால் பாதி விஷயம் புரிந்துவிடும். நானும் இன்னொரு மாணவரும் 12 மணிக்கு ஒரு வீட்டுக்குப் போவோம். பெட்டிக்குள் 128 உணர்முனைகள் கோத்த ஒரு வலைத்தொப்பி இருக்கும். ஒவ்வொரு முனையிலும் சின்னப் பஞ்சு. வெதுவெதுப்பான தண்ணீரில் பொட்டாசியம் குளோரைடு உப்பும் கொஞ்சம் பேபி ஷாம்புவும் கலந்து அதில் வலையை ஊறப்போட்டு எடுத்தால்தான் மண்டையிலிருந்து வரும் துளியூண்டு மின்சாரம் பஞ்சு வழியாக இறங்கும். வீடெல்லாம் குளிப்பாட்டிய குழந்தை வாசனை வரும். ஆனால் தொப்பி ஈரம். தூக்கம் சொக்கும் நேரத்தில் மூன்று வயதுப் பிள்ளை ஈரத் தொப்பியைச் சும்மா மாட்டிக்கொள்ளுமா? முதலில் அதன் கரடிப் பொம்மைக்குப் போடுவோம், அப்புறம் அம்மாவுக்கு, அப்புறம் எனக்கு, கடைசியில்தான் பிள்ளைக்கு. ஒரு சுட்டிப் பெண் கரடிக்குப் போட்டதோடு போதும் என்று சொல்லிவிட்டாள். அன்றைய தாளில் கரடியின் பெயரைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

ஒத்துக்கொண்ட பிள்ளைகள் தூங்கிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரையைப் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது கிறுக்கலாக ஓடிய கோடுகள் மெல்ல விரிந்து, ஒரு நொடிக்கு ஒன்று, இரண்டு என்று பெரிய பெரிய அலைகளாகப் புரளும். இதற்கு மெதுவலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கத்தில் இது வரும். ஆனால் பிள்ளைகளுக்கு எழும் உயரம் நமக்கு வராது. திரையின் அளவுகோலைச் சுருக்காவிட்டால் ஒரு கோடு அடுத்த கோட்டின் மேல் ஏறி நிற்கும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஆட்டோவிலேயே தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டு, மாடியேறி, செருப்பைக் கழற்றி, பட்டுப்பாவாடையை மாற்றிப் படுக்க வைத்தாலும் விழிக்காமல் கிடக்கிறதே, அது இந்த அலைகளின் வேலை.

இந்த மெதுவலை மண்டையில் எங்கே உயரமாக எழுகிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம். சூரிக்கில் ரேட்டோ ஹூபர், சலோமே குர்த் குழுவினர் 2 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களின் தூக்கத்தை இப்படிப்பட்ட வலைத்தொப்பி போட்டுப் பதிவு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அலை உச்சம் பின்மண்டையில் இருக்கிறது. வயது ஏற ஏற அது முன்னோக்கி நகர்ந்து, பதின்வயதின் முடிவில் நெற்றிப் பக்கம் வந்து சேர்கிறது. பின்மண்டை பார்வைக்கான இடம். நெற்றிப் பக்கம் திட்டமிடுதல், பொறுமை, ‘இப்போது வேண்டாம், அப்புறம்’ என்று தன்னைத் தானே அடக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கான இடம். மூளை முதிரும் வரிசையும் ஏறக்குறைய இதேதான், பின்னாலிருந்து முன்னால். அதாவது மூளையில் எந்தப் பகுதியில் கட்டுமானம் மும்முரமாக நடக்கிறதோ, அங்கே தூக்கமும் ஆழமாக இருக்கிறது.

கட்டுமானம் என்றதும் செங்கல் மேல் செங்கல் அடுக்குவது என்று நினைக்கக் கூடாது. சிகாகோவில் பீட்டர் ஹுட்டன்லாக்கர் என்ற மருத்துவர் இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்து, நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்புகளை எண்ணினார். 1979-ல் வந்த அவர் கட்டுரைப்படி, முன்மூளையில் இணைப்புகளின் அடர்த்தி 1, 2 வயதில் உச்சத்துக்குப் போய், பெரியவர்களுக்கு இருப்பதைவிட ஒன்றரை மடங்கு அளவில் நிற்கிறது. பிறகு வருடக்கணக்கில் குறைந்துகொண்டே வருகிறது. நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்துவிட்டு அப்புறம் களைந்து விடுவது மாதிரி. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைப் பகலில் பிள்ளை பார்ப்பது, கேட்பது, தொடுவது தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தைச் செயல்படுத்துவதில் தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதற்குத்தான் இப்போது ஆதாரங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

மனிதக் குழந்தையின் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் நேரடியான ஆதாரம் பூனைக்குட்டியிடமிருந்து வந்தது. மார்கோஸ் ஃபிராங்க், மைக்கேல் ஸ்ட்ரைக்கர் ஆகியோர் கலிஃபோர்னியாவில் செய்து 2001-ல் வெளியிட்ட சோதனை. ஒரு மாதம் சொச்சம் ஆன பூனைக்குட்டிகளுக்கு ஒரு கண்ணை மூடிவிட்டு 6 மணி நேரம் வெளிச்சத்தில் விழிக்க வைத்தார்கள். மூளை உடனே திறந்த கண்ணுக்குச் சாதகமாகத் தன்னை மாற்றத் தொடங்குகிறது. அப்புறம் சில குட்டிகளை 6 மணி நேரம் தூங்க விட்டார்கள், சிலவற்றை இருட்டில் விழித்திருக்க வைத்தார்கள். தூங்கிய குட்டிகளின் மூளையில் அந்த மாற்றம் ஏறக்குறைய இரட்டிப்பானது. விழித்திருந்தவற்றில் கூடவே இல்லை. பார்த்தது விழிப்பில், பதிந்தது தூக்கத்தில். உங்கள் மாமியாருக்குச் சாதகமாக ஒரு சாட்சி வேண்டுமென்றால் இந்தப் பூனைக்குட்டியைச் சொல்லலாம்.

கைக்குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. இந்தத் துறையே ஒரு பி.எச்டி. மாணவர் குழந்தைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் பிறந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதேனியல் க்ளைட்மன் என்ற தூக்க ஆராய்ச்சியாளரிடம் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கிக்கு, தூங்கும் சிசுக்களின் இமைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. சலித்துப்போகிற வேலை. பார்த்ததில், மூடிய இமைக்குள் விழி ஓடும் நேரமும் அசைவே இல்லாத நேரமும் மாறி மாறி வருவது தெரிந்தது. அப்புறம் தன் 8 வயது மகனின் தலையிலேயே கம்பிகளை ஒட்டி, பழைய கருவி ஒன்றில் இரவெல்லாம் பதிவு செய்தார். 1953-ல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்புதான் இன்று கனவுத் தூக்கம் என்று எல்லோரும் சொல்லும் விழியோட்டத் தூக்கம். பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் தூங்குகிறது, அதில் பாதி இந்தத் தூக்கம் என்று 1966-ல் இன்னொரு குழு கணக்குச் சொன்னது. நமக்கு அது கால்பங்குதான்.

பச்சைக் குழந்தை தூக்கத்தில் சிரித்தால் சாமி பூ காட்டுகிறது, முகம் கோணினால் நரி விரட்டுகிறது என்று என் பாட்டி சொல்வார். அந்தச் சிரிப்பு, விரல் துடிப்பு, கால் வெட்டு எல்லாம் விழியோட்டத் தூக்கத்தில் வருபவை. ஐயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் ப்ளம்பர்க் எலிக்குட்டிகளை வைத்து வருடக்கணக்காக இதையே ஆராய்கிறார். தூக்கத்தில் ஒரு மீசைமயிர் துடிக்கும்போது, அந்த அசைவு எங்கிருந்து வந்தது என்ற தகவல் மூளைக்குப் போகிறது. விழித்திருக்கும்போது ஆயிரம் அசைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தூக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வருவதால், ‘இது என் விரல், இது என் கட்டை விரல்’ என்று மூளை தன் உடம்புக்கு வரைபடம் போட்டுக்கொள்ள வசதி என்பது அவர் வாதம். எனக்கு அந்த வாதம் பிடிக்கும். நரிக் கதையும் பிடிக்கும்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். அவளுக்கு இப்போது கேள்வி மதியத் தூக்கம் பற்றி.

மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட்டில் ரெபெக்கா ஸ்பென்சர் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வயதுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். பாலர் பள்ளிகளில் 3 முதல் 5 வயது வரையுள்ள 40 பிள்ளைகள். காலையில் கட்டம் போட்ட பலகையில் படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று மனப்பாடம் செய்யும் விளையாட்டு. ஒரு வாரம் மதியம் தூங்க வைத்தார்கள், இன்னொரு வாரம் அதே பிள்ளைகளை அதே நேரம் விழித்திருக்க வைத்தார்கள். பிறகு கேட்டபோது தூங்கிய நாளில் 100-க்கு 75 சரி, தூங்காத நாளில் 65. இதில் முக்கியமானது அடுத்த நாள் காலைச் சோதனை. மதியம் தூங்காத பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த பிறகும் விட்டதைப் பிடிக்கவில்லை. அதாவது இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு மதியத் தூக்கத்தின் வேலையை இரவுத் தூக்கம் செய்து கொடுத்துவிடாது.

சில பிள்ளைகளுக்கு என்று சொன்னதைக் கவனியுங்கள். பலன் அதிகம் கிடைத்தது வழக்கமாகத் தினமும் மதியம் தூங்கும் பிள்ளைகளுக்கு. ஏற்கெனவே மதியத் தூக்கத்தை விட்டுவிட்ட பிள்ளைகள் தூங்காததால் பெரிதாக ஒன்றையும் இழக்கவில்லை. வேறொரு சிறு கூட்டத்துக்கு மின் அலைப் பதிவும் எடுத்தார்கள். தூக்கத்தில் நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு முறை துடிக்கும் குட்டிக் குட்டிக் கொத்துகள் வரும். நூல் நூற்கும் கதிர் போல நடுவில் பருத்து இருபக்கமும் மெலிந்திருப்பதால் ஸ்பிண்டில் என்று பெயர். எந்தப் பிள்ளைக்கு இவை நெருக்கமாக வந்தனவோ, அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் நன்றாகப் பிடித்தது.

ஒரே வயதில் ஒரு பிள்ளைக்கு மதியத் தூக்கம் தேவை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேவையில்லை என்றால் ஏன்? இதற்கு ஸ்பென்சரும் மேரிலாந்தின் ட்ரேசி ரிக்கின்ஸும் 2022-ல் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். அன்றன்றைய அனுபவத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இடம் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. சின்ன வயதில் அது சின்னச் சொம்பு. காலையில் நாலு பாட்டு, இரண்டு சண்டை, ஒரு புது டீச்சர் என்று வந்தாலே நிறைந்து தளும்பும். தூங்கும்போது உள்ளே இருப்பது மேல்மூளைக்கு மாற்றப்பட்டுச் சொம்பு காலியாகிறது. அந்தப் பகுதி முதிர முதிர சொம்பு குடமாகிறது. மாலை வரை தாங்குகிறது. அப்போது பிள்ளை தானாகவே மதியத் தூக்கத்தை விடுகிறது. இது முற்றாக நிரூபிக்கப்பட்டது இல்லை, ஆனால் இதுவரை வந்த தகவல்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

மாமியார் சொல்வது பாதிக்கதை என்றேனே, காரணம் இதுதான். தூக்கம் மூளையை வளர்ப்பது ஒரு பக்கம். மூளை வளர்ந்த அளவுக்குத் தூக்கம் மாறிக்கொள்வது இன்னொரு பக்கம். மதியத் தூக்கத்தை விடுவது பிள்ளை ஒன்றை இழப்பதாகாது, பெரும்பாலும் அது வளர்ந்ததற்கு அறிகுறி. அதே காரணத்தால், இன்னும் விடத் தயாராகாத பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்குவதும் புத்திசாலித்தனம் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் ஆஸ்திரேலியாவில் சாலி ஸ்டேட்டன் குழு கணக்கெடுத்தது. 2 வயதுக்கு முன் மதியத் தூக்கத்தை அடியோடு விடும் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. 5 வயதுக்குள் 94 பேர் விட்டுவிடுகிறார்கள். இடைப்பட்ட மூன்று வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். உங்கள் மகள் சரியாக அந்த நடுவில் இருக்கிறாள்.

2 வயது 5 மாதம் வாக்கில் தூக்கத்தின் வேலையே மாறுகிறது, அதுவரை மூளையை வடிவமைப்பது, பிறகு பழுதுபார்ப்பது என்று லாஸ் ஏஞ்சலிஸில் ஜீனா போ குழு 2020-ல் எழுதியது செய்திகளில் நிறைய வந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணிதக் கணக்கு அது. நல்ல வேலை. ஆனால் பிள்ளையின் வளர்ச்சியில் அவ்வளவு கறாரான எல்லைக்கோடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பதிவுகளில் ஒரே மாதம் பிறந்த இரண்டு பிள்ளைகளின் அலைகளை அருகருகே வைத்தால், வெவ்வேறு வயது என்றே சொல்வீர்கள்.

இனி கணவர் கட்சி. மதியம் நீளமாகத் தூங்கினால் இரவு தள்ளிப்போகும் என்பது உண்மைதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கக் கடன் ஏறுகிறது. நாலரை வரை தூங்கியவளுக்குக் கடன் பைசல். மறுபடி ஏற ஆறு மணி நேரமாவது வேண்டாமா? கொலராடோ பல்கலைக்கழகத்தில் மோனிக் லெபர்ஷுவா குழு இன்னொன்றும் பார்த்திருக்கிறது. இரண்டரை வயதுக்கு மேல் மதியம் தூங்கும் பிள்ளைகளுக்கு, தூங்காத பிள்ளைகளைவிட, மாலையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குவதே அரை மணி நேரம் தாமதமாகிறது. இருட்டியது, படுக்கலாம் என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் அது.

ஆனால் அரை மணி, ஒரு மணி தாமதத்துக்கு மதியத் தூக்கம் பொறுப்பு. 11 மணிக்கு? அங்கே வேறொரு ஆள் இருக்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். கூடத்து டியூப் லைட்.

அதே கொலராடோ குழு 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்கே போய், ஜன்னல்களைக் கறுப்பு பிளாஸ்டிக் போட்டு மூடி, பல்புகளை மாற்றி, வீட்டைக் குகை மாதிரி இருட்டாக்கினார்கள். பிள்ளைகள் பஞ்சை மென்று கொடுக்க, அந்த எச்சிலில் மெலடோனின் அளந்தார்கள். பிறகு ஒரு நாள் படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம், கீழிருந்து பளிச்சென்று ஒளிவிடும் மேசையில் படம் வரைய விட்டார்கள். மெலடோனின் 88 சதவீதம் விழுந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆகியும் மேலே வரவில்லை. இது 2018-ல், 10 பிள்ளைகளை வைத்து. சின்ன எண்ணிக்கைதான். 2022-ல் 36 பிள்ளைகளை வைத்து ஒளியின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 5 முதல் 40 லக்ஸ் வரையுள்ள மங்கலான வெளிச்சமே சராசரியாக 78 சதவீதம் குறைத்துவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் எல்.இ.டி. டியூபும் சீரியல் ஓடும் டிவியும் சேர்ந்தால் அதைவிட எவ்வளவோ அதிகம் வரும். சின்னப் பிள்ளைகளின் கண்மணி பெரிது, விழிவில்லை தெளிவானது, அதனால் நமக்கு உறுத்தாத வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குள் தாராளமாகப் போகிறது. அப்பா ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்து, கூடத்தில் எல்லா விளக்கும் எரிய, பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுகிற வீடு உங்களுடையதா என்று எனக்குத் தெரியாது. நான் வளர்ந்த வீடு அதுதான்.

இதில் குற்ற உணர்ச்சி கொள்ள ஒன்றும் இல்லை. ஜோடி மிண்டெல் என்பவர் 2010-ல் 17 நாடுகளில் 29,000-க்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளின் தூக்கத்தை ஒப்பிட்டார். நியூசிலாந்தில் சராசரியாக இரவு ஏழரைக்கே படுத்துவிடுகிறார்கள், ஹாங்காங்கில் பத்தேகால். இந்தியா உட்பட ஆசியப் பிள்ளைகள் பொதுவாகவே தாமதமாகத்தான் படுக்கிறார்கள். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஏழு மணிக்குக் கதவைச் சாத்த நம் வீடுகளில் முடியாது, வேண்டியதும் இல்லை. மொத்தக் கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயதுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம், மதியத்தையும் சேர்த்து. உங்கள் மகள் 11 முதல் ஏழரை வரை எட்டரை, மதியம் இரண்டரை, ஆக 11 மணி நேரம் தூங்குகிறாள். குறையே இல்லை. பங்கு பிரித்த விதம்தான் கோணல், அதுவும் ஜூனில் எல்.கே.ஜி. என்பதால் மட்டுமே கோணல்.

கணவர் சொல்கிற மாதிரி நாளைக்கே நிறுத்தினால் என்ன ஆகும்? ஆறு மணிக்குக் காரணமில்லாமல் ஒரு அழுகை, தோசை வட்டமாக இல்லை என்று புரளல், ஏழு மணிக்குச் சோபாவில் கோழித்தூக்கம், எட்டு மணிக்கு எழுந்து நள்ளிரவு வரை விளையாட்டு. சில வாரங்களில் பழகிவிடுவாள்தான். ஆனால் நிறுத்துவதற்குப் பதில் முன்னே இழுத்துச் சுருக்கலாம். பன்னிரண்டரைக்கு வந்ததும் சாப்பாடு, ஒன்றே காலுக்குப் படுக்கை, இரண்டரைக்கு எழுப்பிவிடுவது. ஆழ்ந்த மெதுவலை பெரும்பாலும் தூக்கத்தின் முன்பகுதியில்தான் வருகிறது, அதனால் ஒன்றே கால் மணி நேரத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும். எழுப்பினால் பாவம் என்று மாமியார் சொன்னால், ஜன்னல் திரையை விலக்கி, குக்கர் சத்தத்தை அனுமதித்தால் போதும், நீங்கள் எழுப்பியதாக இருக்காது. காலையில் ஏழு மணிக்கு எழுப்பி வெயிலில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். ராத்திரி எட்டரைக்கு மேல் டியூப் லைட்டை அணைத்து, மஞ்சள் பல்பு ஒன்று, அதுவும் கண்ணுக்கு நேரே இல்லாமல். டிவி வேண்டுமென்றால் அவள் இல்லாத அறையில். அப்பா விளையாட்டை அரை வெளிச்சத்தில் கதையாக மாற்றிக்கொள்ளலாம். ஒன்பதரைக்குத் தூங்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை, மதியம் ஒன்றே கால், மொத்தம் பத்தே முக்கால். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரமாக நகர்த்துங்கள்.

பள்ளி ஆரம்பித்த பிறகு வேனில் தூங்கிப்போவாள். இருபது நிமிடம், அரை மணி என்றால் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கினால் அதையும் தடுக்காதீர்கள். இன்றைக்குத் தூங்கி நாளைக்குத் தூங்காமல் போவதும் இந்த வயதில் சகஜம். ஒருவேளை சேர்க்கும் பள்ளியிலேயே மதியம் எல்லோரையும் பாய் விரித்துப் படுக்க வைக்கிறார்கள் என்றால், கட்டாயம் தூங்கியாக வேண்டுமா, சும்மா படுத்துப் படப் புத்தகம் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஸ்டேட்டன் குழு ஆஸ்திரேலியாவில் பார்த்ததில், ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாயத் தூக்கம் வைத்த மையங்களில் 4, 5 வயதுப் பிள்ளைகளின் இரவுத் தூக்கம் குறைவாக இருந்தது.

இந்தத் துறையைப் பற்றிப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். ‘குறைவாகத் தூங்கும் பிள்ளைக்குப் பேச்சு தாமதம்’ என்ற மாதிரிச் செய்திகள் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதைத்தான் சொல்கின்றன, ஒன்றால் மற்றொன்று என்று இல்லை. வாடகை வீட்டில் ஒரே அறை, கொசு, மின்வெட்டு, இரவு ஷிப்ட் அப்பா என்றால் தூக்கமும் கெடும், பேச்சுக்கு நேரமும் குறையும். சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை வைத்து நடந்து 2021-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. பெரியவர்கள்தான். படுக்கையில் 8 மணி நேரம் கிடந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். சூடும் சத்தமும் கொசுவும் மீதியைத் தின்றுவிட்டன. ஆகவே மணிக்கணக்கை மட்டும் வைத்துப் பிள்ளையையோ அம்மாவையோ குறை சொல்வது அநியாயம். கனடாவில் 388 கைக்குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். 12 மாதத்திலும் நூற்றுக்கு 28 குழந்தைகள் ஒரே மூச்சில் 6 மணி நேரம் தூங்குவதில்லை. அவர்களுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் அறிவு வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை வேறு. தினமும் சத்தமாகக் குறட்டை, வாய் திறந்தே தூங்குவது, நடுவில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். அடுத்தது இரும்புச்சத்து, இதை நம் ஊரில் யாரும் தூக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சிலியின் சாந்தியாகோவில் பாட்ரிசியோ பெய்ரானோ குழு, கைக்குழந்தையாக இருந்தபோது ரத்தசோகை வந்து, இரும்பு கொடுத்துக் குணமான பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்தது. ரத்தம் சரியாகி, 4 வயது ஆன பிறகும் அவர்களின் இரவுத் தூக்கத்தின் அமைப்பு வேறு மாதிரியாகவே இருந்தது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. படுத்ததும் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறாள், வெளிறித் தெரிகிறாள் என்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மெலடோனின் மிட்டாய் என்று எதையாவது யாராவது சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கடைசியாகத் தூளி. ஆட்டுவது மூளைக்குக் கெடுதல் என்று எங்கோ படித்ததாக எழுதியிருந்தீர்கள். மெதுவாக ஆட்டுவதற்கும் குழந்தையைப் பிடித்து உலுக்குவதற்கும் சம்பந்தமில்லை. உலுக்குவதுதான் ஆபத்து. ஜெனீவாவில் 12 ஆண்களை, நாலு நொடிக்கு ஒரு ஆட்டம் என்ற வேகத்தில் ஆடும் கட்டிலில் மதியம் படுக்க வைத்து 2011-ல் பார்த்தார்கள். சீக்கிரம் தூங்கினார்கள், நான் மேலே சொன்ன ஸ்பிண்டில்களும் கூடின. ஜப்பானில் கூமி குரோடா குழு 2022-ல் கண்டது, அழும் சிசுவைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நடந்து, தூங்கியதும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்தால் பெரும்பாலும் விழிக்காது. நம் பாட்டிமார்கள் கைப்பழக்கத்தில் செய்வதை அவர்கள் இதயத்துடிப்பை அளந்து சொன்னார்கள். ஆக ஆட்டித் தூங்க வைப்பதில் தப்பில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை ஆள் பார்க்காமல் தூளியில் விடக் கூடாது, துணிக்குள் கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைக்கும். உங்கள் மகளுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் தானாக ஏறி இறங்கும்போது கயிறோ சேலையோ கழுத்தில் சுற்றலாம், அதனால் தூங்கி எழுந்ததும் தூளியை அவிழ்த்துச் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள். பள்ளி திறப்பதற்குள் பாயில் படுத்து, பாட்டி முதுகில் தட்டித் தூங்கும் பழக்கத்துக்கு மாற்றிவிட்டால் நல்லது. அதுவரை கீழே ஒரு மெத்தை போட்டு வையுங்கள். 14 கிலோ பக்கம் இருப்பாள். கொக்கியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள், சேலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாட்டியின் பழைய நூல் சேலை மெத்தென்றுதான் இருக்கும், நைந்த இடத்தில் கிழிவது சொல்லிவிட்டு வராது.